இரண்டு ஊசியும் ஒரு வாய்ப்பூட்டும்

‘டொக்.’

கதவும் அல்ல, குழாயும் அல்ல. சத்தம் வந்த இடம் என் காதுக்கு முன்னால். கொட்டாவி விடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டுதான் விடுவான். நானும் கண்ணைத் திறந்த பிறகுதான் பார்த்தேன். சுவர்க் கண்ணாடியில் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான், ஏதோ பெரிய அதிசயத்தைக் கண்டவன் மாதிரி. அப்படி எந்த அதிசயமும் என் வாழ்க்கையில் நடந்ததில்லை. தாடை மறுபடியும் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் எனக்கு ராத்திரி வேலை. மோட்டார் ஓடும், மீட்டர் முள் நிற்கும். நிற்கிற முள் அசைகிறதா என்று விடிய விடியப் பார்க்க வேண்டும். அசையாத முள்ளைப் பார்த்தால் யாருக்கும் கொட்டாவி வரும். அங்கே கழன்றால் சேர்த்துவிட ஆள் இல்லை என்பதால் துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடக்கி வைத்த கொட்டாவியெல்லாம் வீட்டுப் படி ஏறியதும் மொத்தமாக வரும்.

வீட்டில் சேர்த்துவிட ஆள் உண்டு. என் மனைவி. பேக்கரியில் மாவு பிசைகிறவள். நான் வரும்போது அவள் கிளம்புவாள், அவள் வரும்போது நான் கிளம்புவேன். சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் கிடையாது. தாடை கழன்றால் மட்டும் அவள் பையை இறக்கி வைப்பாள். இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றி, என் கடைவாய்ப் பல்லின் மேல் வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவாள். வேலை முடிந்தது.

ஆனால் தள்ளுவதற்கு முன்னால் பேச்சுவார்த்தை இருக்கும். பேச்சு அவளுடையது, வார்த்தை என்னிடம் இருக்காது.

"ஏங்க, பாப்பா அந்த மெக்கானிக் பையனைத்தான் கட்டிக்குவாளாம். சரிதானே?"

"ஏண்டா!"

"என்னது? கட்டின பொண்டாட்டியைப் பார்த்து ஏண்டாவா?"

நான் சொன்னது ‘வேண்டாம்’. தாடை கழன்றவனுக்குக் கீழுதடு எதையும் தொடாது. தொடாவிட்டால் ‘வ’ வராது, ‘ம’ வராது. அந்த இரண்டும் போனால் ‘வேண்டாம்’ என்பதில் மிஞ்சுவது ‘ஏண்டா’ ஒன்றுதான். என் எதிர்ப்பெல்லாம் இந்த வீட்டில் வெறும் மரியாதைக் குறைவாகவே பதிவானது.

"மரியாதை இல்லாதவங்களுக்கு இங்க வைத்தியம் கிடையாது. சரின்னா தலையை ஆட்டுங்க."

ஆட்டினேன். டொக். மகள் கல்யாணம் முடிவாயிற்று. ஜன்னலுக்குப் பச்சை நிறம், மனைவியின் தம்பிக்கு என் சைக்கிள், எல்லாம் இப்படி முடிவானவைதான்.

ஒருநாள் சபதம் எடுத்தேன். இனி என் தாடை அவள் கட்டைவிரலுக்கு அடிமை இல்லை! வழி காட்டியவர் எதிர்வீட்டுப் பூட்டுக்காரர்.

"அண்ணே, பூட்டைத் திறக்கிறது என் தொழில். உங்க வாய்தான் தானா திறந்துக்குதே, நான் எதுக்கு? ஒரு டாக்டர் இருக்கார். ஊசியிலயே கதையை முடிச்சிடுவார்."

"என் கதையையா?"

"தாடையோட கதையை அண்ணே."

வீட்டில் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"ஊசியா? வேண்டவே வேண்டாம். நான் ஒருத்தி இருக்கும்போது உங்களுக்கு எதுக்கு ஊசி?"

இது போதாதா? அவள் வேண்டாம் என்றால் அதில் எனக்கு ஏதோ லாபம் இருக்கிறது. கல்யாண வாழ்க்கையில் நானாகக் கற்ற ஒரே பாடம் அது. மறுநாளே கிளம்பினேன். அவளும் கூடவே வந்தாள்.

டாக்டர் விளக்கினார். "உங்க கையிலேருந்தே ரத்தம் எடுத்து, காதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் மூட்டுல ஏத்துவோம். உள்ள லேசா தழும்பு கட்டி மூட்டு இறுகிடும். பெரும்பாலும் இதுவே போதும். கத்தி வேண்டாம்."

"இத்தனை வருஷமா நான் கத்தியும் அடங்காத வாய் டாக்டர்," என்றாள் மனைவி. "கத்தி இல்லாமயே அடங்கிடுமா?"

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெரிதாக வாய் திறக்கக் கூடாது என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்.

ஊசி வலித்தது. தலையைச் சுற்றிக் கட்டு, குடிக்கக் கஞ்சி. கட்டு அவிழ்ந்தபோது தாடை இறுகியிருந்தது. கொட்டாவி வந்தால் பாதி வழியில் திரும்பிப் போய்விடும். ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்த வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் நான் படி ஏறுவேன், அவள் இறங்குவாள். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்பாள். பையை இறக்கி வைக்க மாட்டாள். என் முகத்தைத் தொட இப்போது சவரக்கத்தி மட்டும்தான் இருக்கிறது. அவள் விரல்களில் புளித்த மாவு வாசனை வரும். முன்பெல்லாம் அது எனக்குப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு விடுமுறை நாளில் கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு மாசம் நெருங்குது. போயிட்டு, குழந்தைக்குத் தலை நின்னதும் வரேன்."

"அவ்வளவு நாளா? இங்க எனக்கு யாரு?"

"உங்களுக்கு என்ன கேடு? வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறவரைத் தனியா விட்டுட்டுப் போக முடியாமத்தானே இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இப்ப நிம்மதி."

"அந்த ஊசி நான் எடுத்த முடிவு!"

"ஆமாமா. பூட்டுக்காரர்கிட்ட டாக்டர் பேரைச் சொல்லி, உங்க காதுல போடச் சொன்னது யாராம்?"

"நீதானே வேண்டாம்னே?"

"சரின்னு சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?"

அடுக்களைக்குப் போய் நின்றேன். முள் நின்றிருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இங்கே முள் அசைந்துவிட்டது, எதையாவது செய்தாக வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் ஓங்கித் தட்டினேன்.

‘டொக்.’

தாடை இடம் கொடுத்த மட்டும் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவந்தேன். "ஆ... ஆ..."

"ஐயய்யோ, மறுபடியுமா?" கையிலிருந்த போர்வையைப் போட்டுவிட்டு எழுந்தாள். துணியை விரலில் சுற்றினாள். இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். அதே வாசனை. கண் கலங்கியது எனக்கு, அதை நடிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

"இப்படி ஆயிடுச்சே. அப்ப நான் போக வேண்டாம்ங்கிறீங்களா?"

"வேண்டாம்."

அடிவயிற்றிலிருந்து வந்தது. முழுசாக வந்தது. ‘வ’ இருந்தது, ‘ம’வும் இருந்தது.

அவள் என்னையே பார்த்தாள். கை மட்டும் கன்னத்திலேயே இருந்தது, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

"ஏண்டான்னுல்ல வந்திருக்கணும்?" என்றாள்.

விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தாள். கீழே கிடந்த போர்வையை எடுத்து உதறி, ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். மடிக்க ஆரம்பித்தோம்.