முப்பதுக்குப் போன நாலு ராணிகள்

ஐந்தே சீட்டு வாங்கி அதில் நாலு ராணிகள் வந்து சேர்ந்தால் அதற்கு விலையே கிடையாது என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அதன் விலை முப்பது. வாஷ்பேசின் அடைப்பான் ஒன்று முப்பத்தைந்து.

குளியலறைச் சாமான் கடை முதலாளிக்கு ஒரு வாரமாக இதுதான் தொண்டையில் நின்றது. போக்கர் ஆட்டத்தில் சேர ஆளுக்குப் பத்து வைப்பார்கள். ராணிகளைப் பார்த்ததும் அவர் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்ற மூன்று பேரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள். மூன்று பத்து, முப்பது.

ஓரம் உடைந்த கமோடை உடையாததைவிட இருநூறு அதிகத்துக்கு விற்ற மனிதர். அவருக்கு நாலு ராணிகளை விற்கத் தெரியவில்லை.

இன்று ஐந்தாவது ஞாயிறு. நாலு ஞாயிறுகளில் விட்டது ஒன்பதாயிரத்து நூறு. அதை மனைவி ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள்.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். விட்டதைப் பிடிச்சிட்டு வாங்க. இல்லேன்னா அந்தச் சீட்டுக்கட்டை உங்க கடைக் கமோடுலயே போட்டு நானே தண்ணி இழுத்து விட்டுடுவேன்."

சொன்னால் செய்வாள்.

கடைக்கு மேலே இருந்த கிடங்கில்தான் ஆட்டம். குளியல்தொட்டி வந்த அட்டைப்பெட்டி மேசை. விற்காமல் நின்ற நாலு கமோடுகள், மூடி போட்டபடி, நாற்காலிகள். சுவரில் முதலாளியே பட்டை பேனாவால் எழுதிய சட்டம்: 'மேசையில் உள்ள பணம் மட்டும். பாதி ஆட்டத்தில் எழுந்து போய்ப் பணம் கொண்டுவரக் கூடாது.'

முதல் கமோடில் முதலாளி. அடுத்ததில் பிளம்பர். எதிரே பக்கத்துக் கட்டிடத்துப் பல் டாக்டர். நாலாவதில் முதலாளியின் மச்சினன், மனைவியின் தம்பி. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பேசிட்டு இருக்கேன்" என்பான். யாரோடு என்று சொன்னதில்லை.

இரண்டு மணிக்கு முதலாளிக்கு மூன்று பத்தும் இரண்டு ஏழும் வந்தன. பிரமாதமான கை. இந்தத் தடவை நிமிரவில்லை. தோளைத் தொங்கப் போட்டார். உதட்டைப் பிதுக்கினார். "ச்சே" என்றார். "என்ன பொழப்புடா இது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் சீட்டைக் கவிழ்த்தார்.

"ஏன் டாக்டர்?"

"நெஜமாவே வலிக்கிறவன் கம்முனு இருப்பான். வலிக்காதவன்தான் என் நாற்காலியில ஊரைக் கூட்டுவான். இருபது வருஷமா பார்க்குறேன்."

"அண்ணே, அழுகை கொஞ்சம் ஓவர்ண்ணே" என்று பிளம்பரும் கவிழ்த்தான். மச்சினனும் கவிழ்த்தான்.

மறுபடி முப்பது.

மூன்றரை மணிக்கு மூன்று ஜாக்கிகள். இனிமேல் முகத்திலும் ஒன்றும் காட்டுவதில்லை, பணத்திலும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தார். பந்தயம் கட்டாமல் சும்மா இருந்தார். பந்தயம் இல்லாததால் யாரும் ஓடவில்லை. எல்லாரும் வேண்டாத சீட்டுகளைச் செலவில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். கையில் இரண்டே அஞ்சு வைத்திருந்த பிளம்பர் மூன்று சீட்டை மாற்றினான். அதில் இன்னும் இரண்டு அஞ்சு வந்தன.

மூன்று ஜாக்கி நாலு அஞ்சிடம் தோற்றதில் முதலாளி அறுநூற்று முப்பது இழந்தார்.

"நீங்க ஆரம்பத்துலயே ஒரு அம்பது போட்டிருந்தா நான் ஓடியே போயிருப்பேண்ணே" என்றான் பிளம்பர், பணத்தை அள்ளிக்கொண்டே. அவன் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தான்.

ஃப்ரிட்ஜ் கதவுக் கணக்கு இப்போது ஒன்பதாயிரத்து எழுநூறு. மணி நாலே கால்.

அப்போதுதான் வந்தன, நாலு ஏஸ்கள்.

முதலாளிக்கு மூச்சு நின்று, பிறகு யோசித்து மறுபடி ஓடியது. நிமிரக் கூடாது. அழக் கூடாது. சும்மாவும் இருக்கக் கூடாது. கீழே கடையில் என்ன செய்வோம்? சரக்கைப் புகழ மாட்டோம். கடைக்காரனை ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தை வாடிக்கையாளருக்குக் கொடுப்போம்.

ஆட்டத்தில் சேர வைத்த பத்தை ஐம்பது ஆக்கினார். தயங்கித் தயங்கி, நாலு பத்துகளாக.

மூவரும் ஐம்பது ஆக்கினார்கள். அவர் உதவாத ஒரு சீட்டை மாற்றினார். மச்சினன் ஒன்றும் மாற்றவில்லை.

முதலாளி நூறு வைத்தார். டாக்டரும் பிளம்பரும் நூறு வைத்தார்கள். மச்சினன் முந்நூறு என்றான். டாக்டரும் பிளம்பரும் ஆளுக்கு நூற்றைம்பதை அங்கேயே விட்டுவிட்டுக் கவிழ்த்தார்கள்.

"மாப்ள, உனக்கு எதுக்கு இந்த வேலை? விட்டுடேன்" என்றார் முதலாளி.

விட்டுடேன் என்று சொல்லி அவர் விற்காத பொருளே கிடையாது.

"நீங்க பயந்தா நீங்க விடுங்க மாமா." மச்சினன் கையில் மிச்சம் இருந்ததையும் முழுசாக மேசையில் தள்ளினான்; முன்னே வைத்ததோடு சேர்த்து ஆயிரத்தைந்நூறு.

முதலாளியும் ஈடாக வைத்தார். இப்போது சீட்டைக் காட்டினால் டாக்டரும் பிளம்பரும் விட்டதோடு சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. ஃப்ரிட்ஜ் கதவுக் கணக்குக்கு இது எந்த மூலைக்கு? நாலு ஏஸ்! ஆயுசுக்கு ஒரு தடவை வரும் சரக்கு. இதை முதலுக்குக் கொடுப்பதா?

சட்டைப் பையில் குழாய்க் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பணம் இருந்தது. எட்டாயிரத்தை எண்ணி வைத்தார்.

"என்கிட்ட இல்லியே மாமா."

"எங்கேயாவது புரட்டிட்டு வா. காத்திருக்கேன்."

பிளம்பர் சுவரைக் காட்டினான். "அண்ணே, சட்டம்?"

"எழுதுனது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப நான் அழிக்கலாம். குடும்பத்துக்குள்ள என்ன சட்டம் வேண்டிக் கெடக்கு?"

"அவனுக்கு எவன் சார் எட்டாயிரம் தருவான்?" என்றார் டாக்டர். "பல்லைப் புடுங்கின காசையே இன்னும் எனக்குத் தரல."

மச்சினன் சீட்டுகளை டாக்டர் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். "நம்மளை நம்புற ஆளுங்களும் இருக்காங்க டாக்டர்."

அவன் போன பிறகு முதலாளி பத்து நிமிஷம் பெரும்பாடு பட்டார். நிமிராமல் இருக்க ஒரு ஷவர் குழாயை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிடைக்காமல் போய்விடுமோ? வழியில் புத்தி வந்துவிடுமோ? இதுவரை அவனுக்கு அது வந்ததில்லை என்பதுதான் ஒரே நம்பிக்கை.

நாலு நாற்பதுக்கு மச்சினன் மூச்சிரைக்க வந்து எட்டாயிரத்தைப் பெட்டிமேல் போட்டான்.

"மூணு ராஜா, ரெண்டு ஒம்பது!"

முதலாளி ஒவ்வொன்றாக வைத்தார். ஏஸ். ஏஸ். ஏஸ். ஏஸ்.

பிளம்பர் எழுந்து நின்றுவிட்டான். டாக்டர் கைதட்டினார். முதலாளி இப்போது தாராளமாக நிமிர்ந்தார். ஒன்பதாயிரத்து எண்ணூறு! விட்டது போக நூறு லாபம். சீட்டுக்கட்டு பிழைத்தது.

"மனசைத் தளர விடாத மாப்ள" என்று மச்சினன் முதுகில் தட்டினார். "சரக்கு நல்லா இருந்தா மட்டும் போதாது. வாங்குறவனைக் கடைசிக் காசு வரைக்கும் இழுத்துட்டு வரத் தெரியணும்."

"கத்துக்கிட்டேன் மாமா." தோற்றவனுக்கு முகம் வாடவே இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழே கடையில் கல்லாவில் இருக்கும் கேஷியர் அம்மா கணக்குப் புத்தகத்தோடு மேலே வந்தார்.

"மாசக் கடைசி, ஒரு கையெழுத்து வேணும் சார். நீங்க கேட்டீங்கன்னு உங்க மச்சினர் வந்து வாங்கிட்டுப் போறாரே, போன நாலு ஞாயிறும் ஆயிரத்தைந்நூறு, இன்னிக்குக் காலைல ஆயிரத்தைந்நூறு, இப்ப எட்டாயிரம், ஆக மொத்தம் பதினஞ்சாயிரத்து ஐந்நூறு, வழக்கம்போல உங்க பற்றுக் கணக்குலதான் எழுதியிருக்கேன், சரிதானே சார்?"