முதலில் சுவர்

"முதல் ஆள் சயந்தன்" என்று சட்டைப்பையில் இருந்த தாளைப் பார்த்து வாசித்ததும், பாலேந்திரனே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஊஸ்டர் நகரத் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிக்கு, இரண்டு தலைவர்களும் மாறி மாறி ஆள் தெரிவு செய்துகொண்டிருந்தார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. யாரும் முதலில் ஓட்டக்காரனைத்தான் எடுப்பார்கள். சயந்தனோ நூற்றிருபது கிலோ. எதிரி நெருங்காமல் மறித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் அவனுக்குக் கைவந்த வேலை.

எதிரணித் தலைவர் சயன் சிரித்தார். "என்ன அண்ணை, மூன்று வருசம் தோத்தது காணாதோ?"

இந்த வருடமும் தோற்றால் பாலேந்திரனின் தலைவர் பதவி போய்விடும். தாள் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்கிற ஆள் அவரில்லை.

"வீடு கட்டேக்கை முதல் சுவரோ, கூரையோ?" என்றார். "மறிக்கிறவனைத்தான் முதலிலை எடுக்கோணும்."

சொல்லியாகிவிட்டது, இனிக் காப்பாற்ற வேண்டுமே. தாளில் அடுத்ததாக இருந்த குண்டு ஆளை எடுத்தார். அதற்கடுத்தவரையும் எடுத்தார். ஐந்து பேர் சேர்ந்த பிறகு பார்த்தால், பந்து எறிய மகன் பானுஜன் இருந்தான், மறிக்க ஐந்து மலைகள் இருந்தன, எறிந்ததை வாங்கிக்கொண்டு ஓட ஒரு குருவி இல்லை. வேகக்காரர் ஆறு பேரையும் சயன் அள்ளிக்கொண்டார்.

மிச்சம் இருந்தவர் புள்ளி எழுத வந்த இளமாறன். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை.

"சார், நான் பந்தைத் தொட்டதே இல்லைங்க."

"அது பரவாயில்லை. சுவர் நிக்குதுதானே."

அடுத்த சனிக்கிழமை பாலேந்திரன் வீடு மாறும் நாள். அந்த வேலையை மனைவி ஞானேஸ்வரியின் தலையில் கட்டிவிட்டு, காலையிலேயே பயிற்சிக்குப் போய்விட்டார். இளமாறன் பிடிக்கப் போன பதினொரு பந்தும் கீழே விழுந்தன. பன்னிரண்டாவது அவருடைய கண்ணாடியை உடைத்தது.

"அப்பா, நாளைக்குத்தான் போட்டி. ஆரையாவது மாத்துவம்" என்றான் பானுஜன்.

"மாத்தினா சனம் சிரிக்கும்."

"இப்பவும் சிரிக்கினம்தானே."

ஞாயிற்றுக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. சுவர் அசையவே இல்லை. சயனின் வேகக்காரர்கள் கிட்ட வந்து பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவ்வளவு பயம் என்று பாலேந்திரன் பூரித்தார். பானுஜனுக்குக் கிடைத்த அவகாசத்தில் பந்தை எறியவே தேவைப்படவில்லை. ஆறுதலாக நடந்துபோய் இளமாறனின் கையில் வைத்தான். இளமாறன் ஒட்டுப்போட்ட கண்ணாடியோடு, பந்தை மாரோடு அணைத்துக்கொண்டு, நடந்தே எல்லைக்கோட்டைத் தாண்டினார். அப்படி ஆறு தடவை. சயனின் அணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு பாலேந்திரன் கதிரையில் ஏறினார். கண் கலங்கியிருந்தது. "இனி ஆரும் என்னைக் கேள்வி கேக்கக்கூடாது. முதலிலை சுவர்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. இன்னும் ஐந்து வருடத்துக்கு அவரே தலைவர் என்று கழகம் அந்த இடத்திலேயே அறிவித்தது. தோற்றவர்கள்கூட வாங்குப் பலகையில் சாய்ந்தபடியே தட்டினார்கள்.

புது வீட்டிலிருந்து சாப்பாட்டோடு வந்த ஞானேஸ்வரி, அந்த வாங்கைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இஞ்சேருங்கோ, சாமான் தூக்கக் கூப்பிடு எண்டு நீங்கள் தந்த தாளிலை இருந்த ஆறு பெடியளும் இவையள்தானே, நேற்று எங்கட பிரீசரை நாலாம் மாடிக்கு ஏத்தி இடுப்புப் பிடிச்சுப்போன பிள்ளையளை இண்டைக்கு ஆர் விளையாட விட்டது?"