மோவாய் ரைட்டரின் கடைசி வரி

அந்தக் காலத்து ஆம்பூரில் மோவாய் ரைட்டரிடம் ஆறுதல் வாங்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. வேண்டாமென்று ஓடுகிறவரையும் விரட்டிப் பிடித்துத் தேற்றுவார். தோல் பதனிடும் எங்கள் கிடங்கில் அவர் பெரிய குமாஸ்தா, நான் சின்னவன்.

ஒருமுறை ஊறப்போட்ட ஒரு குழித் தோல் முழுக்க அழுகிப்போய் இவர் கலங்கி நின்றபோது, தோல் வாங்க வந்த துரை ஒருவர் முதுகில் தட்டி, 'கீப் யுவர் சின் அப்' என்றாராம். மோவாயைத் தூக்கியே வை. அதாவது மனதைத் தளர விடாதே. தலைநிமிர்ந்து நில் என்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இதில் அது இல்லை, அடிபட்டவனுக்கு மட்டும் சொல்வது என்று எனக்கு விளக்கியவர் அவரேதான். ஆனால் கிடங்கிலிருந்து போகும் எல்லா ஆங்கிலக் கடிதத்திலும் 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்பதற்கு மேலே அந்த வரி ஏறிவிடும்; மோவாய் என்ற பெயரும் அதனால் வந்ததுதான். சரக்கு வண்டி கேட்டு எழுதினால் ஸ்டேஷன் மாஸ்டரைத் தேற்றுவார். கல்யாண வாழ்த்து எழுதினால் மாப்பிள்ளையைத் தேற்றுவார்.

கிடங்கில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் கன்னியம்மாளின் புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய் ஆறு மாதமாகத் தகவல் இல்லை.

"ஆளு உசுரோட கீதான்னு மட்டும் கேட்டு எழுதுங்க ரைட்டரே" என்றாள்.

சுரங்கத்துத் துரைக்கு மனு தயாரானது. அடியில் வழக்கமான வரி. மேலதிகாரிக்குச் சொல்லும் பேச்சா இது, அவர் கோபித்துக் குப்பையில் போட்டால் இவள் கதி என்ன என்று சண்டை பிடித்தேன்.

"தொரைக்கு மட்டும் கஷ்டம் இருக்காதா இன்னா?" என்று சொல்லி உறையை ஒட்டிவிட்டார்.

இரண்டு மாதம் பதில் இல்லை. கன்னியம்மாள் தினமும் எங்கள் ஜன்னலருகே வந்து நின்றுவிட்டுப் போவாள். ரைட்டர் யாரையும் தேற்றுவதை விட்டுவிட்டார். கடிதங்களில் அந்த வரியும் நின்றுபோனது. நான் சொன்னது பலித்ததில் எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை.

கடைசியில் பதில் வந்தது. பிரிக்கக் கை வராமல் என்னிடம் நீட்டினார்.

"நீ படிடா தம்பி. எனக்குத் தெகிரியம் இல்ல."

பாறை சரிந்து அவனுக்குக் கால் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பெயர் மாறிப் பதிவாகியிருந்தது. துரையே படுக்கை படுக்கையாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அடுத்த மாதம் ஊருக்கு அனுப்புகிறாராம். கீழே இன்னும் இரண்டு வரி: "என் மனைவியை அடக்கம் செய்த வாரம் உமது மனு வந்தது. என்னைத் தேற்றி எழுதியவர் நீர் ஒருவர்தான்."

அதைக் கேட்க ரைட்டர் அங்கே இல்லை. கால் முறிந்தவன் உயிரோடிருக்கிறான் என்றதுமே, செருப்புக்கூடப் போடாமல், சுண்ணாம்புச் சேற்றில் வழுக்கி வழுக்கி, கன்னியம்மாளைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் கிழவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.