ரெஸ்யூமுக்குள் என் கண்ணீர் அஞ்சலி

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. வராதா பின்னே? தன் கண்ணீர் அஞ்சலி பேனரைத் தானே உட்கார்ந்து பார்த்தவளுக்குக் கோபம் வராமல் கொட்டாவியா வரும்?

சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்காரர் குணா மாமாவின் ஃப்ளெக்ஸ் கடையில் நான்தான் டிசைனர். குமராட்சியிலிருந்து தினமும் மினி பஸ்ஸில் நசுங்கி வந்து, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அத்தனை பேனரையும் செய்வது நான். அடியில் ‘டிசைன்: குணா’ என்று வருவது அவர் பெயர். (அவருக்குத் தெரிந்ததெல்லாம் பழைய டிசைனில் போட்டோவையும் பெயரையும் தேதியையும் மாற்றுவதுதான்.) கேட்டால், “நம்ம கடைதான பாப்பா, உம் பேரு இன்னாத்துக்கு?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடலூரில் ஒரு கம்பெனிக்கு டிசைனர் வேண்டுமாம், ரெஸ்யூமோடு போர்ட்ஃபோலியோவும் வேண்டுமாம். விடுவேனா? ஒரு வாரம் உட்கார்ந்து, நாற்பது டிசைன்களில் மாமா பெயரை அழித்து என் பெயரைப் போட்டு, ஆன்லைன் ஃபோல்டர் ஒன்றில் ஏற்றினேன். ரெஸ்யூம் மூலையில் க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் ஃபோல்டர் திறக்கும். அதில் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையும் போட்டுவைத்த புத்திசாலி நான்தான். கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறிய மகா புத்திசாலியும் நான்தான்.

இன்டர்வியூவில் மூன்று பேர். நடுவில் இருந்த சார் என் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய, சுவரில் இருந்த டிவியில் ஃபோல்டர் விரிந்தது. கடைசியாகச் சேர்ந்த ஃபைல் முதலில் வந்து நின்றது.

கறுப்புப் பின்னணி. குத்துவிளக்கு. மாலைக்கு நடுவே என் முகம். ‘கண்ணீர் அஞ்சலி. செல்வி ஜெயந்தி.’ மறைவு என்ற இடத்தில் அன்றைய தேதி.

“ஏம்மா, இது நீங்கதான?”

“ஆமா சார். சாம்பிள் சார்.”

“அடப் பாவமே, சின்ன வயசு” என்று பக்கத்து மேடம் உச்சுக்கொட்டினார். (எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மேடம்!)

சார் அதோடு விட்டிருக்கலாம். பேனரின் அடிப்பகுதியைப் பெரிதாக்கினார். “இது யாரு பண்ணது?”

“நான்தான் சார்.”

“டிசைன்: குணான்னு இருக்கே. அப்ப மத்ததெல்லாம்?”

சுர்ரென்று ஏறிவிட்டது. ஆறு வருஷ உழைப்பு! “செத்தவ எப்படி சார் டிசைன் பண்ணுவா? அதான் மாமா பேரு இருக்கு!” என்று கத்திவிட்டேன். மூவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன். “என்னய எதுக்கு மாமா சாவடிச்சீங்க?”

“கோச்சுக்காத பாப்பா. ஒருத்தரு அவுங்க சம்சாரத்துக்கு அஞ்சலி கேட்டு வந்தாரு. மாதிரி காட்டணுமில்ல? தொறந்துகெடந்த ஃபோல்டர்ல உன் போட்டோ இருந்துச்சு, எடுத்து உம் பேரோட போட்டு அதுலயே சேவ் பண்ணிட்டேன். பாத்ததும் மனுசன் அழுதுட்டாரு, போயேன்! அதையே ஓகே பண்ணிட்டாரு.”

ஆறு வருஷத்தில் அந்தக் கடையில் மாமா கையால் என் பெயர் கொட்டை எழுத்தில் வந்த ஒரே பேனர் அது. அதற்கும் நான் சாக வேண்டியிருந்தது. சிதம்பரம் வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கடையில் முதல் வேலையாக எல்லா டிசைனிலும் ‘டிசைன்: ஜெயந்தி’ என்று மாற்றினேன்.

“இன்னா பாப்பா இது?”

“இப்படியே பிரிண்ட் போடுங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து நீங்களே மவுசப் புடிங்க.”

மாமா மவுசைப் பார்த்தார். பிறகு பிரிண்ட் போட்டார்.

இப்போது எங்கள் பேனர் எந்த வீதியில் நின்றாலும் அடியில் என் பெயர்தான். தன் பெயர் போன உறுத்தல் மாமாவுக்கு இன்னும் தீரவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “உம் பேருக்கு முன்னாடி அமரர்னு சேத்துடட்டுமா பாப்பா?” என்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

“சேத்துக்குங்க மாமா” என்பேன். “எழுத்து மட்டும் சின்னதாப் போவக் கூடாது.”