நான் சொன்னது ‘இல்ல’

என் வாழ்க்கையில் ஒரே ஒரு கார் விபத்தைத்தான் நடத்தியிருக்கிறேன். அப்போது நான் காரில் இல்லை. நாலு ஆள் உயர இரும்பு மேடையொன்றில், தொப்பியும் ஹெட்ஃபோனும் மாட்டிக்கொண்டு, பெரிய விமானி போல நின்றிருந்தேன். எனக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது. (குவைத்தில் மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை தேர்வு அதிகாரி நடுவழியில் இறங்கி டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்.) இப்படிப்பட்டவன் எப்படி ஒரு பந்தயக் காரை இன்னொரு பந்தயக் காரின் மேல் விட்டான் என்பதை, யாரும் கேட்காவிட்டாலும், ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குவைத் அப்பாசியாவில் ஓர் இந்தியப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றேன். அதன்பின் அஜ்மானில் மகள் வித்யா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மருமகன் கதிர்வேல், கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஷார்ஜாவில் ஒரு கராஜில் ஃபோர்மேன். அந்த கராஜின் உரிமையாளர் இந்த நாட்டுக்காரர், ஓர் எமிராத்தி. இங்கே முதலாளியை அர்பாப் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம். அவருக்குப் பந்தயம் என்றால் உயிர். மணலில் ஓடும் ‘பக்கி’ என்கிற அவருடைய திறந்த வண்டியை வார இறுதிகளில் பாலைவனத்தில் ஓட்டுவது கதிர். அர்பாப் அவரை ‘காதர்’ என்றுதான் கூப்பிடுவார். கதிர் ஒருநாளும் திருத்தியதில்லை. பெரியவர்கள் தன் பெயரையே மாற்றினாலும் “சரிங்க” என்று ஏற்றுக்கொள்கிற பிள்ளை அவர். பின்னால் நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம் இந்தச் ‘சரிங்க’. மீதிப் பாதி நான்.

மணலில் கதிர் ராஜாதான். ஆனால் இரண்டு வருடத்தில் பக்கி மூன்று முறை உருண்டு, தோள்பட்டை எலும்பு ஒரு முறை உடைந்தது. வித்யா ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

“ஒண்ணு கூரையும் கதவும் இருக்கற வண்டிக்கு மாறுங்க. இல்ல, ஹெல்மெட்டக் கழட்டி என்கிட்ட குடுத்துடுங்க. அதுல செடி வச்சிக்கறேன்.”

நல்லவேளையாக, அர்பாப் அப்போதுதான் தார்த்தளத்தில் ஓடும் சலூன் கார் பந்தயத்துக்கு ஓர் அணி ஆரம்பித்திருந்தார். (சலூன் என்றால் எனக்குத் தெரிந்தது முடிவெட்டும் கடைதான். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.) அணியில் இரண்டு கார். ஒன்று அவருடைய அண்ணன் மகன் ரஷீத்துக்கு. இன்னொன்றுக்குக் கதிரை ஒரே ஒரு பந்தயத்தில் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். வண்டியை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தால் இடம் நிரந்தரம். சொதப்பினால் திரும்ப மணல். மணலுக்கு வித்யா விடமாட்டாள். ஆகவே, சொதப்பினால் ஹெல்மெட்டில் செடி.

மணலிலிருந்து தாருக்கு மாறுவது பஸ்ஸிலிருந்து மெட்ரோவுக்கு மாறுவது போல இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதிர் யூடியூபில் தேடித் தேடிக் காட்டுவார். அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் கார் என்று ஒன்று. தலைமேல் பலகை போல இறக்கை வைத்த குட்டை வண்டி. மண் வட்டத்தில் சுற்றுவது. இடப்பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்து, வண்டியை நண்டு போலப் பக்கவாட்டில் விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்தே வளைவார்கள். அதில் பேர் எடுத்தவர்கள் பிறகு ஸ்டாக் கார் என்கிற கனமான, கூரை போட்ட வண்டிக்குப் போவார்கள். போனதும் பலர் முதல் வருடமெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

“நம்ம கதையேதானுங்க மாமா. மண்ணுல எது வித்தையோ, தாருல அதேதான் தப்பு.”

முதல் நாள் பயிற்சியில் அது கண்கூடாகத் தெரிந்தது. பழக்க தோஷத்தில் முதல் வளைவிலேயே வண்டியை நண்டாக்கினார். டயரிலிருந்து வந்த புகையில் எங்களுக்கு அவரும் தெரியவில்லை, வளைவும் தெரியவில்லை. தலைமை மெக்கானிக் கான் பாய், பெஷாவர்க்காரர், தலையில் கை வைத்துக் கத்தினார்: “அரே பாய், யே ரேத் நஹி ஹை!” மணல் இல்லை, மணல் இல்லை என்று அதன்பின் ஒரு மாதம் முழுக்கக் கத்தினார். கதிரும் மெல்ல மெல்லக் கையை அடக்கிக்கொண்டார்.

ஆனால் ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மணலில் காதுக்குள் யாரும் பேசமாட்டார்கள். இங்கே, ஹெல்மெட் போட்டுக் கட்டிவைத்த ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் என்ன வருகிறது என்று தெரியாது. மேடையிலிருந்து ஒருவர் பார்த்து ரேடியோவில் சொல்ல வேண்டும். அந்த வேலை கான் பாயுடையது. அவர் பதற்றத்தில் பேசும் இந்தி பாதியில் பஷ்தூவாகிவிடும். கதிரின் இந்தியோ கராஜ் இந்தி. போல்ட், நட்டுக்கு மேல் போகாது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“தமிழ்ல சொல்ற ஆள் ஒருத்தர் இருந்தா போதுமே. நான் நிக்கறேன்.”

வித்யா சிரித்தே விட்டாள். “அப்பா, நீங்க டிவி ரிமோட்டையே தலைகீழா பிடிக்கறவர்.”

“இருபத்தெட்டு வருஷம் வேகம், முடுக்கம், உராய்வு நடத்தினவன்டி நான்.”

“மாமா சொன்னா சரிங்க,” என்றார் கதிர். அவர் முகம் என்ன சொன்னது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

அடுத்து என் மேதாவித்தனம் வேலை செய்தது. அணியில் வழக்கமாக, பக்கத்தில் இடம் இருந்தால் ‘கிளியர்’, இல்லாவிட்டால் ‘நாட் கிளியர்’ என்பார்கள். இது அறிவியலுக்கு எதிரானது என்றேன். இரைச்சலில் ‘நாட்’ விழுந்துவிட்டால் என்ன ஆகும்? மிஞ்சுவது ‘கிளியர்’தானே? ஆள் போய்விடமாட்டாரா? நம் தமிழில் ‘இருக்கு’, ‘இல்ல’. இரண்டும் வேறு வேறு சொல். குழப்பமே வராது. சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியை ரஷீத் காராகவும் ஊறுகாய் பாட்டிலை எங்கள் காராகவும் வைத்து ஒரு வாரம் ஒத்திகை. கதிரிடம் எனக்கு இருந்த ஒரே குறை அவருடைய மரியாதைதான். “மாமா, உள்ளார இடம் இருக்குதுங்களா?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஊறுகாய் பாட்டில் வளைவைத் தாண்டிவிடும். அந்த ‘ங்களா’வை வெட்டுங்கள் என்று கெஞ்சினேன். “அதெப்படிங்க மாமா,” என்றுவிட்டார்.

கான் பாயும் என்னிடம் ஒன்று சொன்னார். ரேடியோ பொத்தானை அமுக்கியதும் பேசக்கூடாது. மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டுப் பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் எழுத்தை ரேடியோ விழுங்கிவிடும். தலையாட்டினேன். இயற்பியல் ஆசிரியரிடம் ரேடியோவைப் பற்றிப் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன்.

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். நல்ல வெயில், குளிர்ந்த காற்று. அஜ்மானிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் அந்தத் தளம். பெயர் வேண்டாம்; அவர்கள் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. பந்தயம் தொடங்கியபோது அர்பாப் கீழிருந்து தன் ரேடியோவில் கூவினார்: “யல்லா காதர்! யல்லா, யல்லா!” கிளம்பு, போ என்கிற அந்தச் சொல் இங்கே காற்றோடு கலந்தது. டீக்கடையில், பஸ்ஸில், சைட்டில் ஒரு நாளைக்கு நூறு முறை காதில் விழும். நான் அதைக் கேட்டேன். கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பத்துச் சுற்று அற்புதமாகப் போனது. “இருக்கு” என்றேன், கதிர் ஒருவரைத் தாண்டினார். மறுபடி “இருக்கு” என்றேன், இன்னொருவரைத் தாண்டினார். எட்டாவதாகக் கிளம்பியவர் நான்காவது இடத்துக்கு வந்துவிட்டார். முன்னால் மூன்றாவதாக ரஷீத், எங்கள் அணியின் மற்றொரு கார். எனக்கு மேடையில் கால் தரையில் பாவவில்லை. பள்ளியில் கிடைக்காத நல்லாசிரியர் விருது இப்போது கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பன்னிரண்டாவது சுற்று. கதிர் குரல் வந்தது: “மாமா, உள்ளார இடம் இருக்குதுங்களா?”

பார்த்தேன். ரஷீத் உள்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். இடம் ஒரு சைக்கிளுக்குக்கூடக் கிடையாது. பதறிப்போய்ப் பொத்தானைத் தட்டித் தட்டி மூன்று முறை அமுக்கினேன். ஒன்று எண்ண வேண்டும் என்பதை மறந்தேன்.

“இல்ல! இல்லா! இல்லா!”

“சரிங்க மாமா!”

அந்தச் ‘சரிங்க’வில் இருந்த உற்சாகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஏன் உற்சாகமாக இருக்கிறார் என்று யோசிப்பதற்குள் அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்து உள்ளே பாய்ந்தார். ரஷீத் காரின் பின்கதவில் இவருடைய முன்மூக்கு. இரண்டு வண்டியும் கைகோத்துக் கும்மி அடிப்பது போல ஒரு சுற்று சுற்றி, தளத்தைவிட்டு இறங்கி மணலுக்குள் போய், ஒரு தூசி மலைக்குள் மறைந்தன.

கீழே பார்வையாளர் பகுதியில் வித்யா எழுந்து நிற்பது தெரிந்தது. அவளைப் பார்க்க முடியாமல் தூசியையே பார்த்தேன். அப்போது காதுக்குள் குரல்.

“மாமா... உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?”

மேடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மோதியது அவர்; விசாரிப்பு எனக்கு. தூசி அடங்கியதும் இருவரும் தாமாகவே கதவைத் திறந்து இறங்கினார்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை. கூரையும் கதவும் வேண்டும் என்ற என் மகள் வாழ்க.

கீழே, கார் நிறுத்துமிடத்தில் அர்பாப் இடுப்பில் கை வைத்து நின்றார். அவருடைய இரண்டு காரும் ஒரே நேரத்தில் போயிருந்தன. “காதர், க்யா ஹுவா?” என்ன ஆயிற்று என்றார்.

“மேரா கல்தி, அர்பாப்,” என்றார் கதிர், தலையைக் குனிந்தபடி. தன் தப்பு என்கிறார்.

“கலாஸ்,” என்றார் அர்பாப். முடிந்தது. கையைப் பாலைவனப் பக்கம் நீட்டினார். திரும்ப மணலுக்கு.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: நல்ல அரை நிமிடம் சும்மா நின்றேன். என்ன தப்பு நடந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை என்பது உண்மை. கதிர் தவறாகக் கேட்டிருந்தால் அது கதிர் தப்புதானே என்று ஒரு மூலையில் தோன்றியதும் உண்மை. மருமகன் எனக்காகப் பழியைச் சுமப்பது தெரிந்தும், தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வித்யாதான் வந்தாள். “அப்பா, நீங்க என்ன சொன்னீங்க?”

“இல்லன்னுதான்டி சொன்னேன். மூணு தடவ சொன்னேன்.”

அவள் கதிரிடம் திரும்பினாள். “உங்களுக்கு என்ன கேட்டுச்சு?”

கதிர் தயங்கினார். அப்புறம் மெதுவாக, “யல்லா, யல்லான்னுங்க,” என்றார்.

“அப்பா என்னிக்கு யல்லா சொல்லியிருக்காரு? திருப்பிக் கேக்க வேண்டாமா?”

“மாமா சொன்னா எப்படிங்க திருப்பிக் கேக்கறது?”

எனக்கு அப்போதுதான் தலையில் இடி இறங்கியது. ஒவ்வொரு முறை அமுக்கியபோதும் முதல் எழுத்தை ரேடியோ விழுங்கியிருக்கிறது. மிஞ்சியது ‘ல்லா’. ‘நாட்’ விழுந்தால் ‘கிளியர்’ மிஞ்சும் என்று பாடம் எடுத்தவன், ‘இ’ விழுந்தால் என்ன மிஞ்சும் என்று யோசிக்கவில்லை.

நேராக அர்பாப் முன்னால் போய் நின்றேன். “மை மிஸ்டேக்,” என்றேன். “காதர் குட். நான் பேட்.” பதற்றத்தில் மூன்று மொழி கலந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. சரி, இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே வழி பரிசோதனைதான். கான் பாயை ஹெல்மெட் மாட்டி, பக்கத்து அணியின் காரில் உட்காரவைத்து, எஞ்சினை உறுமவிடச் சொன்னேன். நான் மேடையேறி, ஒன்று எண்ணாமலே பத்து முறை ‘இல்ல’ என்பேன். அவருக்கு ‘யல்லா’ என்று கேட்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்க வேண்டும்.

ஒன்பது முறை கை தூக்கினார். பத்தாவது முறை காரையே கிளப்பிவிட்டார். ஆட்கள் ஓடிப்போய் நிறுத்த வேண்டியதாயிற்று.

அர்பாப் சிரித்த சிரிப்பில் தலைத்துணி நழுவித் தோளில் விழுந்தது. கோபத்தில் உம்மென்றிருந்த ரஷீத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அர்பாப் தீர்ப்புச் சொன்னார்: “காதர் ஓகே. ஏக் ரேஸ் அவுர்.” பிறகு, மேடையிலிருந்து இறங்கி வந்த என் பக்கம் விரல் நீட்டி, “மாஸ்டர், ரேடியோ மாஃபி!” ரேடியோ கிடையாது. பொத்தானிலிருந்து என் விரலை அவரே எடுத்துவிட்டார்.

இன்னொரு பந்தயம் கிடைத்தது என்ற சந்தோஷத்தைவிட, அந்த ரேடியோ என் கழுத்திலிருந்து இறங்கியதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கதிர் முகத்திலும் அதே நிம்மதியைப் பார்த்தேன். இந்த முறை சரியாகவே பார்த்தேன்.

அடுத்த மாதம் கான் பாய் ‘ருகோ’ (நில்), ‘ஜாவ்’ (போ) என்று இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு கதிரை ஐந்தாவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். வண்டியில் ஒரு கீறல் இல்லை. இரண்டு வருடமாகத் தார்தான். ஹெல்மெட் தலையில்தான் இருக்கிறது. செடிக்கு வித்யா தொட்டி வாங்கிக்கொண்டாள். நான் பார்வையாளர் பகுதியில், பிளாஸ்கில் டீயோடு, பேட்டரி போட்ட பொருள் எதுவும் கையில் இல்லாமல் உட்காருகிறேன்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. நான் வாய் திறந்தால் ‘சரிங்க’ தவிர வேறு சொல்லாத மருமகன், இப்போது என்னைக் கிண்டல் செய்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது தோசை முடிந்து, தட்டின்மேல் கையை வைத்து மறைத்தபடி “இல்லம்மா, இல்ல,” என்றேன். கதிர் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

“வித்யா, மாமா யல்லாங்கறாரு. இன்னும் ரெண்டு ஊத்து!”

“சரிங்க,” என்றேன்.