முன்மாதிரிப் பண்ணையும் அதன் சமூகப் பலன்களும்

கூட்டுறவு நெற்பண்ணை என்பது பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நெல் விளைவித்து, விளைந்ததைப் பங்கு பிரித்து, அவரவர் வீட்டில் தனித்தனியாகப் பொங்கிச் சாப்பிடும் ஓர் எளிய ஏற்பாடு. இந்தக் கதையில் வரும் பண்ணையிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நிலம் பொது, தண்ணீர் பொது, மாடு பொது, சண்டையும் பொது. நடவு நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் சேற்றில் இறங்க வேண்டும். அறுவடை முடிந்ததும் வீடு வீடாக நெல் போகும். அடுத்த அறுவடை வரைக்கும் அதுதான் அடுப்பில் கொதிக்கும்.

இந்தப் பண்ணைக்கு ஒரு செயலாளர் இருந்தார். திறமைக்காகத் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவரே சொன்னதில்லை. தேர்தல் நாளன்று சலவைச் சட்டை போட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். மைக்கைப் பார்த்ததும் தொண்டையைச் செருமத் தெரிந்தவரும் அவர்தான். "நான் சேற்றில் இறங்கினால் நாற்றைத் தலைகீழாக நட்டுவிடுவேன்" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு, யாராவது மறுப்பார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருப்பார். யாரும் மறுத்ததில்லை.

இப்படி வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு கூட்டம் சும்மா இருப்பது எப்படியோ மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது. 'நீடித்த தன்மை மற்றும் சமூகப் பலன்கள் பிரிவு' என்று அங்கே புதிதாக ஒன்று திறந்திருந்தார்கள். பிரிவு இருக்கிறது, அதிகாரி இருக்கிறார், ஜீப் இருக்கிறது. நீடித்த தன்மைதான் எங்கேயும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டு ஒருநாள் ஜீப் பண்ணைக்கு வந்தது. அதிலிருந்து முதலில் ஒரு பெரிய தொப்பியும், அதன் அடியில் ஓர் அதிகாரியும் இறங்கினார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தொப்பிக்காரர் என்றே பெயர் ஆகிவிட்டது.

"இந்தப் பண்ணையால உங்களுக்கு என்ன பலன்?" என்று கேட்டார் தொப்பிக்காரர்.

"சோறு சார்," என்றார் செயலாளரின் மச்சான். மனைவிக்கு அண்ணன். பண்ணைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். பேச்சையும் மடை திறந்தாற்போல் அப்படியே விட்டுவிடுவார்.

"சோறு விளைபொருள் கணக்குல வந்துடும். நான் கேக்கிறது சமூகப் பலன்."

"சமூகம் முழுக்க அதைத்தான் சாப்பிடுது."

"சாப்பிட்டதுக்கு அப்புறம்?"

"தூங்குவோம்."

தொப்பிக்காரரின் முகம் வாடிவிட்டது. வந்த விருந்தாளி வாடுவதைச் செயலாளரால் தாங்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயா, எங்களுக்குள்ள ஒத்துமை ரொம்ப அதிகம். போன வாரம்கூட வரப்புல எல்லாரும் கூடி..."

"அடிச்சுக்கிட்டோம்," என்று முடித்துவைத்தார் மச்சான்.

"பெண்களுமா?"

"அவங்கதான் சார் ஆரம்பிச்சதே."

தொப்பிக்காரரின் கண்கள் பளிச்சென்றன. 'மகளிர் தலைமையில், அனைத்து உறுப்பினர்களும் பங்கேற்ற கள அளவிலான கலந்தாய்வு' என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதிக்கொண்டார். ஜீப் போனது. கொஞ்ச நாளில் ஒரு பலகை வந்து சேர்ந்தது. அதில் பச்சை எழுத்தில் 'முன்மாதிரிப் பண்ணை' என்று இருந்தது.

செயலாளர் அதை நட்டுவிட்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்து, சாலையிலிருந்து பார்த்து, கடைசியில் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார்.

"பலகை வச்சா நெல்லு கூடுதலா விளையுமாங்க?"

"மரியாதை விளையும்."

"சரி, அதை எந்தப் பானையில போட்டு வேகவைக்கணும்னும் கேட்டு வைங்க."

பலகை வந்த பிறகு பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். மண்ணோடு வாழ்வது அப்போது பெரிய இடங்களில் ஒரு மோஸ்தர் ஆகியிருந்தது. விலை உயர்ந்த சாக்குத் துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, குளிர்சாதன வண்டியில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு வரப்பில் நிற்பார்கள். கண்ணை மூடி மூச்சை இழுப்பார்கள். அந்த இடத்தில்தான் மாடு கட்டியிருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். அவர்கள் பார்க்க ஆசைப்பட்டது கூட்டு நடவை. அது முடிந்து பயிர் வேர் பிடித்திருந்தது.

"அதனால என்ன?" என்றார் தொப்பிக்காரர். "பிடுங்கிட்டு மறுபடி நடுங்க."

செயலாளருக்கே ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. "பயிர் தாங்காதே ஐயா?"

"ஒரு வயல்தானே? ரோட்டோரமா இருக்கிறது போதும். மீதி வயலை யாரும் பாக்கப் போறதில்லை."

அப்படியாகச் சாலையோர வயல் பிடுங்கி நடப்பட்டது. அடுத்த குழு வந்தது, மறுபடி பிடுங்கி நடப்பட்டது. இப்போதெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டாலே நாற்று தானாக வேரைத் தளர்த்திக்கொள்கிறது என்றார் மச்சான். நடும்போது சிரிக்க வேண்டும், வரிசை கேமராவைப் பார்த்து நகர வேண்டும் என்று செயலாளர் வரப்பில் நின்று பயிற்சி கொடுத்தார். தன் வாழ்நாளில் விவசாயத்தில் தனக்குக் கைவந்த வேலை இது ஒன்றுதான் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

சாக்குச் சட்டைக்காரர் ஒருவர் செயலாளரின் மனைவியிடம், "நடும்போது பாடுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பாட்டா? இடுப்பு வலியில முனகுறது உண்டு."

"அதையே பாடுங்களேன்."

அவள் முனகினாள். அவர்கள் பக்தியோடு பதிவு செய்துகொண்டு போனார்கள்.

சாலையோர வயல் அந்தப் பருவத்தில் கதிரையே பார்க்கவில்லை. ஆனால் யாரும் பார்க்க வராத மற்ற வயல்கள் அந்த ஒரு நன்மையினாலேயே பிரமாதமாக விளைந்தன. கதிர் முற்றித் தலை சாய்ந்தது. அத்தனை வீட்டுச் சோறும் அங்கே மஞ்சளாக நின்றது. அறுவடை இயந்திரமும் வரப்போரம் வந்து நின்றது. அந்த வட்டாரத்துக்கே அது ஒன்றுதான். ஒரு பக்கம் முடித்துவிட்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டால், அந்தப் பருவத்தில் திரும்பி வராது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரர் போன் செய்தார்.

"உயர்மட்டத் தேர்வுக் குழு வருது! சிறந்த முன்மாதிரிப் பண்ணைக்கான முதல் பரிசுக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். வயலைத் தொட்டுடாதீங்க."

"ஐயா, இன்னைக்கு அறுக்கிறதா இருக்கோம்."

"அறுத்துட்டா அவங்களுக்கு எதைக் காட்டுவீங்க? மொட்டை வயலைப் பாத்தா பண்ணையை மூடிட்டாங்கன்னு நினைப்பாங்களே."

"நெல்லைக் காட்டலாமே ஐயா, குவிச்சு வச்சு?"

"நெல்லு எல்லா ஊர்லயும்தான் இருக்கு."

"மழை வர்ற மாதிரி இருக்கு..."

"மழை இயற்கைதானே? இயற்கையோட இணைஞ்சு போறதுதானே நம்ம கொள்கையே," என்று சொல்லிவிட்டுத் தொப்பிக்காரர் போனை வைத்துவிட்டார்.

இயந்திரக்காரர் மேலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். "என்ன மாமா, இறக்கவா வேண்டாமா? இன்னைக்கு விட்டா நான் அக்கரைக்குப் போயிடுவேன்."

"இறக்குங்க தம்பி," என்றாள் செயலாளரின் மனைவி. "இவர்கிட்ட என்ன கேள்வி?"

செயலாளருக்கும் அதுதான் சரி என்று தெரியும். 'இறக்கு' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எத்தனையோ வருடமாகச் செருமிப் பழகிய தொண்டை. ஒரு தடவை செருமியதும், வந்த சொல் உள்ளே போய் வேறு சொல் வெளியே வந்தது.

"கூட்டுறவுன்னா கூடித்தான் முடிவெடுக்கணும். முதல் பரிசு வேணும்கிறவங்க கை தூக்குங்க."

வரப்பில் நின்ற அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரிசு வேண்டாம் என்று யார்தான் சொல்வார்கள்? முதலில் ஒரு கை, பிறகு பக்கத்தில் ஒரு கை. மச்சானின் கை மட்டும் பாதியில் நின்று, யாரும் கவனிக்காதபோது முழுதாக ஏறியது.

"சோறு வேணும்கிறவங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ஒருத்தர் ரெண்டு தடவை கை தூக்க விதியில இடமில்லை," என்று தீர்ப்புச் சொன்னார் செயலாளர். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

இயந்திரம் ஆற்றைத் தாண்டிப் போனது. அது அக்கரையில் ஏறிய கையோடு இக்கரையில் மழை இறங்கியது. விடாமல் பெய்து ஓய்ந்தபோது, பயிர் பாய் விரித்தாற்போல் தரையோடு படுத்திருந்தது. கொஞ்ச நாளில் கதிரிலேயே நெல் முளைவிட்டது. பறவைகள் வந்து வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டன. அந்த வருடம் அந்த நெல்லைச் சாப்பிட்டவை அவை மட்டும்தான்.

தேர்வுக் குழு வந்த அன்று, உண்மையைச் சொல்லிவிட்டு ராஜினாமா செய்துவிடுவது என்று செயலாளர் முடிவு கட்டியிருந்தார். தன் முட்டாள்தனத்தைத் தானே ஒப்புக்கொள்ளப்போகும் பெருந்தன்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது. குழுத் தலைவர் வரப்பில் நின்று, படுத்துக் கிடந்த வயலை நீண்ட நேரம் பார்த்தார். முளைத்த கதிர் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அற்புதம்," என்றார்.

"ஐயா?"

"மண்ணு கொடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்திருக்கீங்க. அறுவடை இல்லை, அதனால புகை இல்லை. அரவை இல்லை, அதனால கரண்டு இல்லை. லாரி இல்லை, கழிவு இல்லை. பறவைகளுக்கும் உணவு. சொல்லப்போனா, எங்களுக்கே இவ்வளவு தூரம் யோசிக்கத் தோணலை." பிறகு குரல் தழுதழுக்கக் கேட்டார்: "இது யாரோட யோசனை?"

பின்னாலிருந்து மச்சான், "மாப்ளே, சொல்லிடு," என்று கிசுகிசுத்தார். எதைச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

"எல்லாரும் கூடி எடுத்த முடிவுங்க," என்றார் செயலாளர். துரதிர்ஷ்டவசமாக, அது உண்மை.

முதல் பரிசு கிடைத்தது. பெரிய கோப்பை. முளைத்த வயலின் நடுவே எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதுவரை தொப்பிக்காரரையும் செயலாளரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்கள். மனைவி மட்டும் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழைய நெல் தீர்ந்தது. பானையின் அடியில் தட்டினால் சத்தம் வந்தது. செயலாளரும் மனைவியும் அரிசிக்கடைக்குப் போனார்கள். பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல்.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு," என்றார் கடைக்காரர். "முன்மாதிரி அரிசி. விலை கொஞ்சம் கூட. ஆனா சமூகப் பலன் உள்ளது."

மூட்டையை எடுத்து வைத்தார். மூட்டையின் மேல் பண்ணையே நின்றது. கோப்பை, வயல், வாரிய தலைகள், எல்லாம் வண்ணத்தில்.

"இது எங்க விளைஞ்சது?" என்று கேட்டார் மச்சான்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? படம் மட்டும் இந்த ஊரு."

"பக்கத்துல இருக்கே, வெறும் சாக்கு, அது?"

"அதே அரிசிதான். படம் இல்லாததால விலை கம்மி."

செயலாளர் மூட்டையைப் பார்த்தார். தன் சிரிப்பைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொண்டையைச் செருமாமல் ஒரு முடிவெடுத்தார். "அண்ணே, எனக்கு வெறும் சாக்கே குடுங்க."

"இருங்க," என்றாள் மனைவி. மூட்டையை வெளிச்சத்துக்கு இழுத்து, குனிந்து பார்த்தாள். "என் கொண்டை இதுல நல்லா விழுந்திருக்குங்க."

அவ்வளவுதான். வரிசை உடைந்தது. "எங்க, நான் எங்க இருக்கேன்?" என்று மச்சான் உள்ளே தலையை நுழைத்தார். அவர் முகம் தையலுக்குள் மாட்டியிருந்தது. இதற்கு யார் பொறுப்பு என்று அவர் கேட்க, கோப்பைக்குப் பின்னால் முகம் மறைந்தவர்கள் ஒரு பக்கமும் கொட்டாவி விட்டபடி பதிந்தவர்கள் இன்னொரு பக்கமும் சேர்ந்து, அந்த இடத்திலேயே அனைத்து உறுப்பினர்களும் பங்கேற்ற கலந்தாய்வு தொடங்கிவிட்டது. வெறும் சாக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செயலாளர் கூடுதல் விலையைக் கொடுத்தார். மூட்டையைத் தோளில் ஏற்றினார். நாலு எட்டு நடந்ததும் ஏதோ தோன்றி நின்று, மூட்டையை இறக்கி, படம் ரோட்டுப் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.