பப்பாளிக்குள் புகுந்த சோயா

நான் சிக்கனக்காரி. அந்தச் சிக்கனத்தால் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பப்பாளிக் கடையையே மூடவைக்கப் பார்த்தவள் என்பதையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்ன உணவுப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கடைகளில் விற்கும் பொருட்களில் மரபணு மாற்றிய பயிர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பப்பாளி, மக்காச்சோளம் என்று வாங்கிவந்து, ஒவ்வொன்றாக மிக்ஸியில் அரைத்து இயந்திரத்தில் வைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, மரபணு மாற்றியது என்று ஏற்கெனவே தெரிந்த சோயாவையும் அரைக்க வேண்டும்.

ரிசல்ட் வந்தது. எல்லாவற்றிலும் இருக்கிறது! மேனேஜரிடம் சொல்லக்கூடப் பொறுமையில்லை. (நாட்டைக் காப்பாற்றவே பிறந்தவள் ஆயிற்றே!) நேராக மார்க்கெட்டுக்குப் போய், பப்பாளி விற்ற செல்வி அக்காவிடம் பத்துப் பேர் முன்னால் அறிவித்தேன்.

"அக்கா, உங்க பப்பாளி ஜீன் மாத்தினது!"

வாங்க வந்தவர்கள் கையிலிருந்த பழத்தைக் குவியலிலேயே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். செல்வி அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா, பொழப்புல பேஜார் பண்றே? படப்பைத் தோட்டத்துல நானே பாத்துப் பாத்து எடுத்துகினு வர்றேன். என் கண்ணு முன்னால டெஸ்ட் பண்ணு, வா!"

இரண்டு பழத்தோடு என் பின்னாலேயே லேபுக்கு வந்து நின்றார். மிரண்டுபோன மேனேஜர், "பண்ணிக் காட்டும்மா" என்றார்.

சோயாவை அரைத்து வழித்து எடுத்தேன். ஜாரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு சுற்று சுற்றி, பப்பாளித் துண்டுகளை அந்தத் தண்ணீரிலேயே போட்டேன். வீட்டில் அம்மா அப்படித்தான் செய்வார். ஒட்டியிருப்பதை வீணாக்கலாமா?

"போன தபாவும் இப்டித்தான் அரைச்சியா?" என்றார் செல்வி அக்கா.

"ஆமாக்கா. வேஸ்ட் ஆகக் கூடாதுல்ல?"

"அடிப்பாவி! சோயாவ நீயே ஊத்திட்டு என் பப்பாளிப் பயத்தக் குத்தம் சொல்றியா? இது இன்னா சட்னியா?"

மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அங்கேயே மாயமாய் மறைந்துவிடலாம் போலிருந்தது.

புது ஜாரில் அரைத்தோம். மறுநாள் ரிசல்ட்டில் பப்பாளி பரம யோக்கியம். ஓடிப்போய், தப்பு என்னுடையது என்று நடு மார்க்கெட்டில் நின்று சொன்னேன். செல்வி அக்கா சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"லேபுக்கே போய் ஜெயிச்ச பப்பாளிப் பயம்! சாட்சி இங்கியே கீது பாரு!"

இன்றும் நான் அந்தப் பக்கம் போனால் இதே கூவல்தான். கூட்டமும் கூடிவிடுகிறது. போன வாரம் என் மகளின் பள்ளியில் 'அம்மா என்ன வேலை செய்கிறார்?' என்று எழுதச் சொன்னார்களாம். அவள் எழுதியிருக்கிறாள்: 'பப்பாளிக்கு சாட்சி.'